கிரவுனை மாற்றினால் மைலேஜ் கூடுமா? பிக்கப் வண்டி டிரைவர்களே உஷார்!

நாமக்கல்:

டீசல் விலை ஏறுகிற வேகத்துக்கு வண்டி வாடகை ஏறுவதில்லை. மாத டியூ கட்டி, டயர் செலவு பார்த்து, கையில் நாலு காசு நிற்க வேண்டும் என்றால் டீசலில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும். பிக்கப் டிரைவர்கள் டீக்கடையில் கூடினாலே பேச்சு மைலேஜ் பக்கம் போய்விடும். "கிரவுனை மாத்திப்புடு, லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூட வரும்" என்று யாராவது ஒருவர் கிளப்பி விடுவார். இது நிஜமா? விவரம் வருமாறு:-

கிரவுன் வேலை என்ன?

என்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸ், புரொப்பல்லர் ஷாப்ட் வழியாகப் பின் ஆக்சிலுக்கு வருகிறது. அங்கே பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது.

பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்று வைத்துக்கொள்வோம். ஷாப்ட் 4.56 தடவை சுற்றினால் சக்கரம் 1 தடவை சுற்றும். 9-க்கு 37 பல் உள்ள செட் போட்டால் 4.11 தடவை போதும். முன்பு 2,500 சுற்று சுற்றிய என்ஜின், அதே வேகத்துக்கு சுமார் 2,250 சுற்றுதான் சுற்றும். சமமான பைபாஸ் ரோட்டில், லேசான லோடுடன் ஒரே சீராகப் போகிற வண்டிக்கு டீசல் கொஞ்சம் மிச்சமாகும். அதுவரைக்கும் உண்மை.

இழுவை குறையும்

சுற்று 10 சதவீதம் குறைந்தால், எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் 10 சதவீதம் குறையும். முழு லோடுடன் மேடு ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டி வரும். கிளட்ச் தேயும். மிச்சம் பிடித்த டீசல் அங்கேயே போய்விடும்.

ஆபத்து இறக்கத்தில்தான். கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பலா, அன்னாசி, மிளகு லோடு எல்லாம் கீழேதான் இறங்குகிறது. கியரில் இறங்கும்போது என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். கிரவுனை மாற்றினால் அந்தப் பிடிப்பும் குறையும். மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.

மீட்டர் பொய் சொல்லும்

கியர் பாக்சில் இருந்து வேகம் எடுக்கும் மீட்டர் 60 காட்டினால், வண்டி நிஜத்தில் 66-ல் போகும். 100 கிலோமீட்டர் ஓடினாலும் 90 என்றுதான் காட்டும். சின்ன டயர் போட்டால் நேர் எதிர். ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டி, மைலேஜ் கூடிவிட்டது போல ஏமாற்றும். டேங்கை நிரப்பி, ரோட்டோர கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

லாபம் எவ்வளவு?

மாதம் 3 ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 12 கொடுக்கும் வண்டிக்கு 250 லிட்டர் செலவாகும். 5 சதவீதம் மிச்சமானால் 12½ லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ரூ.1,125. ஆனால் கிரவுன் செட்டுக்கும் கூலிக்கும் பல ஆயிரம் ஆகும். செட்டிங் சரியில்லை என்றால் ஊளைச் சத்தம் கேட்கும், பல் தேய்ந்து மறுபடி செலவு வைக்கும்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ளதற்கு ஒத்துவராத மாற்றம் செய்வதை 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில் அல்லது இரண்டும் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது.

செலவில்லாத வழி

* டயர் சூடாகும் முன், காலையில் காற்று செக் பண்ணுங்கள்.

* சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றவில்லை என்றால் பிரேக் ஒட்டுகிறது அல்லது பேரிங் இறுகிவிட்டது என்று அர்த்தம். டீசல் அங்கேதான் வீணாகிறது.

* வீல் அலைன்மென்ட் பாருங்கள். கிரவுன் ஆயிலைக் கம்பெனி சொன்ன கணக்கில் மாற்றுங்கள்.

* இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம். காமன் ரெயில் என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே டீசல் நின்றுவிடும். நியூட்ரலில்தான் டீசல் எரியும்.

இத்தனையும் பார்த்த பிறகு மைலேஜ் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரவுனில் கை வைக்க வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.