கிறிஸ்துமஸா, ஈஸ்டரா? ஓசூர்ப் பக்கத்து நிலவரம்

கிறிஸ்தவ சமயத்தின் பெரிய திருநாள் எது என்று எந்தப் பங்குத்தந்தையையோ ஆயரையோ கேட்டாலும் ஈஸ்டர் என்றுதான் பதில் வரும். ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைக் குடியிருப்புகளிலும் கிருஷ்ணகிரியின் கடைத்தெருவிலும் பார்த்தால் பதில் வேறு. டிசம்பர் பிறந்ததும் வாடகை வீட்டு மாடிகளில் காகித நட்சத்திரம் தொங்கும். பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்குவார்கள். கேரல் ரவுண்ட்ஸ் வரும் இளைஞர்கள் நள்ளிரவில் கிட்டாரும் டிரம்முமாகத் தெருவை எழுப்புவார்கள். மார்ச்சிலோ ஏப்ரலிலோ வரும் ஈஸ்டரை, கோயிலுக்குப் போகாதவர் பலர் அறியவும் மாட்டார்கள். இந்த இடைவெளி எப்படி வந்தது, அதைச் சரிசெய்யத்தான் வேண்டுமா என்ற விவாதம் கிறிஸ்தவர்களிடையே ஓயாமல் நடந்து வருகிறது.

வரலாறு ஈஸ்டரின் பக்கமே நிற்கிறது. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால்தான் முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் கூடினார்கள். ஆண்டுக்கொரு முறை கொண்டாடும் பாஸ்கா (ஈஸ்டர்) விழா 2-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அதை எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று 325-இல் நிசேயா சங்கம் முடிவெடுத்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவுக்குப் பிந்திய ஞாயிறு என்ற கணக்கின்படி, மேற்கத்திய சபைகளில் ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்காவது விழும். டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறப்பாகக் குறிக்கும் மிகப் பழைய சான்றோ ரோம் நகரத்தின் 336-ஆம் ஆண்டு வழக்கைக் காட்டுவது. நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே பிறப்பைச் சொல்கின்றன. உயிர்ப்பை நான்குமே சொல்கின்றன. கிறிஸ்து உயிர்க்கவில்லையென்றால் விசுவாசமே வீண் என்பது கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் வாதம். பிறப்பைப் பற்றி அப்படியொரு வாதத்தை அவர் எங்கும் வைக்கவில்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிறிஸ்தவம் ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. 17-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் நடத்திய மைசூர் மிஷனின் தடம் இந்த மலையடிவாரத்தில் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் சபை இந்தியாவில் முதன்முதலாகக் கால் பதித்தது கிருஷ்ணகிரியில்தான். தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் என்ற இரு ஜெர்மானிய மிஷனரிகள் 1895-இல் அந்தப் பணியைத் தொடங்கினார்கள். சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டம் உருவானது 1997-இல். மலையாளக் குடியேறிகளுக்காக ஓசூர் பெயரிலேயே சீரோ மலபார் மறைமாவட்டம் ஒன்றை 2017 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்த சி.எஸ்.ஐ. குடும்பங்களும் பெந்தெகொஸ்தே சபைகளும் சிப்காட் வளர வளரப் பெருகின. எனவே இங்கே ஈஸ்டர் ஒன்றல்ல, பல.

கத்தோலிக்கர்களுக்கு அது இரவில் நடக்கும் வழிபாடு. சனிக்கிழமை இருட்டிய பிறகு கோயில் விளக்குகளை அணைத்துவிட்டு, வாசலில் புது நெருப்பு மூட்டுவார்கள். அந்த நெருப்பில் ஏற்றும் பாஸ்கா திரியில் சிலுவையும், நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்களும், ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகளும் இருக்கும். அதிலிருந்து கைக்குக் கை மெழுகுத்திரி பற்றிக்கொண்டே போகும். இதற்கு இணையான சடங்கு கிறிஸ்துமஸில் கிடையாது. ஆனால் இந்தத் திருவிழிப்பையே கத்தோலிக்கத் திருச்சபை பல நூற்றாண்டுகள் சனிக்கிழமைக் காலைக்குத் தள்ளி, பேருக்கு நடத்திவந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல்தான் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். ஈஸ்டர் ஒளி மங்கியதற்குச் சந்தையை மட்டும் குறை சொல்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

மலையாளக் குடும்பங்களில் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பெரிய வியாழன் இரவு புளிக்காத பெசஹா அப்பத்தின்மேல் குருத்து ஞாயிற்று ஓலையில் செய்த சிலுவையை வைத்து, ஜெபம் சொல்லி, வீட்டுத் தலைவர் அதைப் பிட்டுக் கொடுப்பார். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய பாலில் தோய்த்து உண்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் 25 நாள், ஈஸ்டருக்கு முன் 50 நாள் நோன்பு என்பது அவர்கள் மரபு. எந்த விழாவுக்கு எவ்வளவு எடை என்பது அந்த எண்களிலேயே தெரிகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஈஸ்டருக்கு உண்மையான போட்டி கிறிஸ்துமஸ்கூட அல்ல, பெரிய வெள்ளி என்றே சொல்லலாம். தவக்காலத்து வெள்ளிதோறும் சிலுவைப் பாதை, இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம், சீர்திருத்த சபைகளில் பகல் 12 முதல் 3 வரை நீளும் ஏழு வார்த்தைத் தியானம் என்று துக்கத்தைக் கொண்டாட நம்மிடம் வேண்டிய மட்டும் வடிவங்கள் இருக்கின்றன. ஒப்பாரி வளர்ந்த மண் அல்லவா? கண்ணீர் வடித்த கூட்டம் ஞாயிறு விடியற்கால ஆராதனைக்கு அதே எண்ணிக்கையில் திரும்புவதில்லை என்பது போதகர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை.

ஓசூருக்கென்றே ஒரு காரணமும் உண்டு. அது தொழிற்சாலை நாட்காட்டி. தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஒரு தொழிற்சாலை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களுடன் ஐந்து பண்டிகை நாள்களுக்கு விடுமுறை தர வேண்டும். பொங்கல், உகாதி, ஆயுத பூஜை, தீபாவளி, ரம்ஜான் எல்லாம் அந்த ஐந்துக்குள் முட்டிமோத வேண்டியதுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் எல்லையூரில் உகாதியை விட்டுவிட முடியாது. கிறிஸ்தவர் பங்குக்கு ஓரிடம் கிடைத்தால் அது கிறிஸ்துமஸுக்குப் போவதே இயல்பு. பெரிய வெள்ளி அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. அதைத் தன் பட்டியலில் சேர்க்காத தொழிற்சாலையில் அது வேலைநாள். ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு, அதாவது வார விடுப்பு. அதனால் அதற்கென்று தனி விடுமுறை எவரும் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. சனிக்கிழமை மூன்றாம் ஷிப்டில் இருப்பவருக்குத் திருவிழிப்பு கிடையாது. நாகர்கோவில்காரருக்குச் சொந்த ஊர் சுமார் 600 கிலோமீட்டர்; ஞாயிறு ஒரு நாளில் போய்த் திரும்பி, திங்கள் காலை முதல் ஷிப்டுக்கு நிற்க முடியாது. டிசம்பரில் லீவு போட்டு ஊருக்குப் போகிற அதே குடும்பம் ஏப்ரலில் அறைக்குள்ளேயே ஈஸ்டரை முடித்துக்கொள்கிறது. பள்ளித் தேர்வுகள் வரும் பருவமும் அதுவே.

கிறிஸ்துமஸுக்குச் சாதகமாகவும் வலுவான நியாயம் உண்டு. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாக வாழும் ஊரில் அக்கம்பக்கத்தார் தயக்கமின்றிக் கலந்துகொள்ளும் விழா அது. கண்ணன் பிறப்பைக் கொண்டாடும் நாட்டில் குடிலில் கிடக்கும் குழந்தைக்கு விளக்கவுரை தேவையில்லை. கல்லறை திறந்தது என்ற செய்தி அப்படியல்ல. நம்புகிறாயா இல்லையா என்று அது நேராகக் கேட்கிறது. தவிர, கடவுள் மனிதரானார் என்பதை விட்டுவிட்டால் சிலுவைக்கும் பொருளில்லை. விவிலியத்தில் தேதி இல்லை என்று சொல்லிக் கிறிஸ்துமஸையே ஒதுக்கும் சில சபைகள் இங்கும் உண்டு. இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் 1647-இல் சட்டம் போட்டே அதைத் தடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் ஈஸ்டரையும் சேர்த்தே தடுத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆக, கிறிஸ்துமஸைக் குறைப்பதால் ஈஸ்டர் வளராது. குறை ஈஸ்டரை நடத்தும் விதத்தில் இருக்கிறது. ஈஸ்டர் ஒரு நாளோடு முடிவதில்லை; பெந்தெகொஸ்தே வரை 50 நாள் நீள்வதே திருச்சபையின் பழைய முறை. தவக்காலத்தின் 40 நாளையும் நிகழ்ச்சிகளால் நிரப்பும் பங்குகள், அடுத்த 50 நாளைக் கோடை விடுமுறைக்கு விட்டுவிடுகின்றன. டிசம்பரில் போல வீடு வீடாகப் பாடிப் போவதற்கும், பக்கத்து வீட்டை விருந்துக்கு அழைப்பதற்கும், ஷிப்டால் திருவிழிப்பைத் தவறவிட்டவர்களுக்குத் தனிக் கூட்டம் வைப்பதற்கும் அந்த வாரங்கள் காலியாகவே கிடக்கின்றன. பெரிய வெள்ளியும் விடுமுறையாக வேண்டுமென்றால் அதற்கும் வழியிருக்கிறது. அந்த ஐந்து பண்டிகை நாள்களைத் தொழிலாளர்களைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தவக்காலம் தொடங்கும்வரை காத்திராமல், அடுத்த ஆண்டுப் பட்டியல் பேச்சுக்கு வரும்போதே தொழிற்சங்கத்திடம் சொல்லி வையுங்கள்.