வேலிக்குள் சிவிங்கி

முகலாயப் பேரரசர் அக்பர் ஒரு சமயம் ஆயிரம் சிவிங்கிப்புலிகளை வைத்திருந்தார் என்று அவருடைய மைந்தர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். மானை விரட்டிப் பிடிக்கப் பழக்கப்பட்டவை அவை. அரண்மனையில் அவை குட்டி ஈனவேண்டும் என்று தந்தையார் விரும்பியும் நடக்கவில்லை. தம் காலத்தில் ஒருமுறை மூன்று குட்டிகள் பிறந்தன என்றும் அவர் குறிக்கிறார். அடைத்த இடத்தில் பெருகாததால் வேட்டைச் சிவிங்கிகள் காட்டிலிருந்தே பிடிக்கப்பட்டன. பின்னர் துப்பாக்கி வந்தது, புல்வெளிகள் வயல்களாயின. இவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது.

(நாளிதழ்கள் சிலவேளை இதனையும் 'சிறுத்தை' என்றே எழுதிவிடுகின்றன. தென்காசி வாசகர் குழம்ப வேண்டாம். நம் மலையில் உலவும் சிறுத்தை வேறு.)

மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12 சிவிங்கிகளும் வேலியிட்ட அடைப்புகளில் விடப்பட்டன. புது மண்ணுக்குப் பழக்கிய பின் திறந்துவிடுவது தென்னாப்பிரிக்கத் தனியார் காப்பகங்களில் தேர்ந்த முறை. அங்கோ காப்பகம் முழுவதற்கும் வேலி உண்டு. குனோவில் அடைப்புக்கு அப்பால் வேலியில்லாத காடும், அதையடுத்து ஊரும் வயலும்தான். ஒரு சிவிங்கி கிராமங்கள் வரை அலைந்து, மீண்டும் பிடித்துவரப்பட்டது. மே மாதக் கோடையில் மூன்று குட்டிகள் மாண்டன. மழைக்காலத்தில் கழுத்துப்பட்டையின் கீழ்ப் புண்ணாகிச் சில இறந்தன. எஞ்சியவை அனைத்தும் ஆகஸ்டில் அடைப்புக்கே திரும்பின. 2023 டிசம்பரில்தான் மறுபடி திறந்துவிடத் தொடங்கினர்.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸ் நாம் அறிந்ததே. குனோவில் இரையும் மருத்துவமும் அளிக்கிறார்கள், அதனை மறைக்கலாகாது. ஆனால் இரைதேடும் உரிமை எத்தனை ஆண்டு காத்திருக்கும்?

மனிதர் கதையும் உண்டு. கிர் காட்டுச் சிங்கங்களைக் குடியேற்றவென்று குனோவிலிருந்து 24 கிராமத்தார் முன்னரே வெளியேற்றப்பட்டனர். சிங்கங்களைக் கொண்டுவர 2013இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. சிங்கம் வரவில்லை, சிவிங்கி வந்தது.

ராஜஸ்தானத்தின் சரிஸ்காவில் புலிகள் அடியோடு அழிந்தபின், 2008இல் ஹெலிகாப்டரில் ஓர் ஆண்புலியைக் கொண்டுவந்தனர். 2010இல் அது நஞ்சூட்டப்பட்டு இறந்தது.

களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் கடையம் சரகம் நம் பொட்டல்புதூருக்கு அருகிலேயே உள்ளது. இங்கே எதையும் விமானத்தில் ஏற்றிவர வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் சிறுத்தைக்கு ஆட்டைப் பறிகொடுத்தவர் கையில் இழப்பீடு தாமதமின்றிச் சேர்ந்தால், அவர் நஞ்சைத் தேடிப் போகமாட்டார்.