கலாசாலைச் செலவுக்கு என்ன ஏற்பாடு?

மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியானதும் உபாத்தியாயர் வீட்டுத் திண்ணைக்குத் தனி மதிப்பு உண்டாகிவிடுகிறது. முதல் நாள் மிட்டாயுடன் வருகிறார்கள். அதே தகப்பனார்கள் பத்து நாள் கழித்து மிட்டாய் இல்லாமல் மறுபடியும் வருகிறார்கள். முகத்தைப் பார்த்தாலே வந்த காரியம் விளங்கிவிடும்.

சென்ற வருஷம் அப்படி வந்தவர் எங்கள் ஊர் நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவருடைய மகன் என்னிடம் கணிதம் படித்தவன். நல்ல மதிப்பெண், எஞ்சினீயரிங் படிக்க ஆசை.

"ஸார், ஒரு தனியார் கலாசாலையில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறோம் என்கிறார்கள். இந்த வாரமே பணம் கட்ட வேண்டுமாம். தெரிந்த இடத்தில் மூன்று வட்டிக்குக் கிடைக்கும். குறைகிற தொகைக்குச் சின்னப் பெண்ணின் நகை இருக்கிறது" என்றார்.

மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு முப்பத்தாறு. லட்ச ரூபாய் வாங்கி நான்கு வருஷம் அப்படியே விட்டால் வட்டி மட்டும் 1,44,000 ரூபாய். ஊரார் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் எழுதுகிற மனிதர், தம் வீட்டுக் கணக்கை எழுதிப் பார்க்க அஞ்சியிருந்தார். இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பிள்ளையின் படிப்பு என்றால் நம்மில் பலருக்குப் பேனா எடுக்கவே கை வருவதில்லை.

"கவுன்சலிங்குக்கு விண்ணப்பம் செய்தாயிற்றா?" என்று கேட்டேன். செய்திருந்தார், ஆனால் இடம் கிடைக்குமோ என்ற பயம். அவர் வீட்டில் இதுவரை பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. அத்தகைய குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்தால், படிப்புக் கட்டணத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2010 முதல் சலுகை கொடுத்து வருகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவனுக்கு அது கிடையாது. அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டியிருந்தால் கடனும் பெருகியிருக்கும். கைக்கு வர வேண்டிய சலுகையும் போயிருக்கும். தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்க இரண்டு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

ஆயினும் சலுகை போக மீதி இருக்கிறதே! விடுதி, சாப்பாடு, பஸ், புஸ்தகம் என்று பார்த்தால் படிப்புக் கட்டணத்தைவிட இந்தச் சில்லறைகளே பெரிய தொகையாகிவிடுகின்றன. வருஷத்துக்கு ஒரு லட்சம் தேவை என்று எழுதினோம். இதற்குப் பாங்கிக் கடன் உண்டு. 2001-இல் வகுத்த மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரையில் ஈடு கேட்பதில்லை. கைப்பணம் போடச் சொல்வதுமில்லை. தாய் தகப்பனாரில் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம்.

இந்தத் "தவணை வேண்டாம்" என்ற சொல்லில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். தவணைதான் நிற்கிறதே தவிர, வட்டி நிற்பதில்லை. வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். வருஷம் ஒரு லட்சமாக நான்கு முறை வாங்கினால், ஐந்தாவது வருஷ முடிவில் தனி வட்டியே 1,40,000 ரூபாய் ஆகிவிடும். அது அசலோடு சேர்ந்த பிறகு வட்டிக்கும் வட்டி. மாறாக, முதல் வருஷம் மாதம் 830 ரூபாய், இரண்டாம் வருஷம் 1,670 ரூபாய் என்று அவ்வப்போது வட்டியைக் கட்டி வந்தால், பையன் வேலை தேடும்போது நான்கு லட்சம்தான் கடன். கணக்கருக்கு இது சட்டென்று பிடிபட்டது.

நகை விஷயத்தில்தான் நான் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். அதற்குச் சொந்தக் காரணம் உண்டு. நான் பட்டம் பெற்றது என் அக்காவின் நான்கு வளையல்களால். அவள் பத்தாம் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள்; "தம்பி படிக்கட்டும்" என்று அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வளையல்களை நான் மீட்டுக் கொடுத்துவிட்டேன். அவள் படிப்பை மீட்க முடியவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டுக்குப் போனால் என் பழைய புஸ்தகங்களைப் பற்றித்தான் கேட்கிறாள்.

"பெண்ணுக்கு என்ன வயது?" என்றேன். ஒன்பது முடிந்து எட்டு மாதம்.

நல்ல வேளை! 2015-இல் ஏற்பட்ட செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியாக வேண்டும். வருஷத்துக்கு 250 ரூபாயும் கட்டலாம்; ஒன்றரை லட்சம் வரையிலும் கட்டலாம். பதினைந்து வருஷம் கட்ட வேண்டும். இருபத்தொன்றாவது வருஷம் முதிரும். வட்டியைச் சர்க்கார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசீலிக்கிறது. 2024 ஜனவரியில் 8.2 என்று நிர்ணயித்தார்கள். பிறந்த குழந்தைக்குத் தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால், இந்த வட்டி மாறாதிருக்கும் பட்சத்தில், 1,80,000 ரூபாய் முதல் ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் ஒன்பது வயதில் தொடங்குகிறவர் அந்த எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. கலாசாலைக்குப் போகும் காலத்தில் முந்தைய வருஷ முடிவின் இருப்பில் பாதியைத்தான் எடுக்கலாம். எட்டு வருஷத்தில் சுமார் 1,34,000 சேரும். கைக்கு வருவது 67,000. ஆகையால் அதோடு தபாலாபீஸில் ஐந்து வருஷத் தொடர் வைப்பும் ஒன்று வேண்டும் என்றேன். (ஆண் குழந்தை உள்ளவர்கள் பதினைந்து வருஷப் பொது சேமநல நிதியைக் குழந்தை தவழும்போதே தொடங்கிவிடுவது நலம்.)

"நகைச் சீட்டில் போட்டால் என்ன?" என்று கேட்டார். தங்கம் விலை ஏறுவது மெய்தான். செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கியதை விற்கும்போது அவற்றை யாரும் திருப்பித் தருவதில்லை. தவிரவும், பெண்ணின் பெயரால் வாங்கும் நகை கல்யாணத்துக்கு என்றே வீட்டில் எல்லோர் மனத்திலும் எழுதப்பட்டுவிடுகிறது. புஸ்தகம் வாங்க அதை எடுப்பதற்குப் பாட்டி சம்மதிப்பாளா?

நானும் இவ்விஷயத்தில் சூட்டிகையானவன் அல்ல. என் மகள் கல்விக்கென்று ஓர் ஏஜெண்டின் பேச்சில் மயங்கி இன்ஷூரன்ஸ் பாலிஸி ஒன்று எடுத்தேன். ஆறு வருஷம் கட்டியபின் கணக்குப் பார்த்தால், தபாலாபீஸ் வட்டிகூடத் தேறவில்லை. எனக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையோ சொற்பம். அதற்கு ஆயுள் காப்பு மட்டும் தரும் பாலிஸியைக் குறைந்த செலவில் தனியாக எடுத்துக்கொண்டு, சேமிப்பை வேறாக வைத்திருக்கலாம்.

பாங்கியில் கணக்கரை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை ஒரு காகிதம் இல்லை என்று, மறு தடவை மானேஜர் இல்லை என்று. மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். கடன் கிடைத்தது. பையன் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறான். மாதம் பிறந்ததும் பாங்கி வட்டியையும் பெண்ணின் ஆயிரம் ரூபாயையும் கட்டிவிட்டுத்தான் கணக்கர் மளிகைக் கடைக்குப் போகிறார். நகை பீரோவில் இருக்கிறது.