கம்பெனி கம்ப்யூட்டரா? அசெம்பிள் கம்ப்யூட்டரா? பில் இல்லாவிட்டால் பணம் அம்போ!

சென்னை:

அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. அகலம் குறைவு. கூட்டம் அதிகம். முன்பு ரேடியோ சாமான் வாங்க வந்தார்கள். இப்போது கம்ப்யூட்டர் சாமான் வாங்க வருகிறார்கள். டில்லிக்கு நேரு பிளேஸ். மும்பைக்கு லேமிங்டன் ரோடு. பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. சென்னைக்கு ரிச்சி தெரு!

இங்கே வருகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் சேர்த்து வைத்த பணம். சிலருக்குச் சீட்டுப் பணம். சிலருக்கு போனஸ். மகள் கல்லூரியில் சேர்ந்திருப்பாள். அல்லது கடையில் பில் போடும் பழைய பெட்டி மூச்சு வாங்கிக் கொண்டிருக்கும்.

"பட்ஜெட் எவ்வளவு சார்?" இது கடைக்காரரின் முதல் கேள்வி. "பிராண்டடா, அசெம்பிளா?" இது இரண்டாவது கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு யோசிக்காமல் தலையை ஆட்டினால் வந்தது வினை!

இப்போது என்ன அவசரம்?

விண்டோஸ்-10க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்தி விட்டது. விண்டோஸ்-11 எல்லாப் பழைய பெட்டியிலும் ஏறாது. இன்டெல் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை பிராசசராவது வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும்.

இருக்கிற பெட்டி இதில் தேறுகிறதா என்று முதலில் பாருங்கள். தேறினால் அவசரப்பட வேண்டாம். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டாலே ஆமையாக இருந்தது குதிரையாக ஓடும்.

தேறவில்லையா? அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

பழைய கணக்கு செல்லாது

"அசெம்பிள் பண்ணினா எப்பவுமே விலை கம்மி." இது பல வருடமாகச் சொல்லி வரும் கணக்கு. இதை அப்படியே நம்பக் கூடாது.

காரணம் ராம் விலை. ஏ.ஐ. வேலைக்காக உலகம் முழுவதும் டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்கள். மெமரி சிப் தயாரிக்கும் கம்பெனிகள் சரக்கை அந்தப் பக்கம் திருப்பின. 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. கடைகளில் விற்று வந்த 'குரூசியல்' மெமரி வியாபாரத்தை விட்டே விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி அறிவித்தது.

ஆகவே ஒரே நாளில் இரண்டு பக்கமும் கொட்டேஷன் வாங்குங்கள். அதே பிராசசர், அதே அளவு ராம், அதே அளவு எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும். கம்பெனி பெட்டியில் பெரும்பாலும் விண்டோஸ் சேர்ந்தே வரும். அசெம்பிள் கொட்டேஷனில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதன் விலையைக் கூட்டிக்கொண்டு பிறகு ஒப்பிடுங்கள்.

கெட்டால் யார் வருவார்?

விலையைவிடப் பெரிய கேள்வி இது.

கம்பெனி பெட்டிக்கு வாரண்டி ஒன்று. ஒரு போன் நம்பர். ஆன்சைட் வாரண்டி என்றால் ஆள் வீட்டுக்கே வருவார். ஒரு வருடமா, மூன்று வருடமா என்று மாடலுக்கு மாடல் மாறும். கேட்டு வாங்க வேண்டும்.

அசெம்பிள் பெட்டிக்கு அப்படி இல்லை. பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, மானிட்டர்... ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்டி. திடீரென்று பெட்டி ஆன் ஆகவில்லை என்றால் எது போனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக் கொண்டு நடக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாரா? பூட்டிக் கொடுத்த கடைக்காரர் செய்வாரா? அதை பில்லில் எழுதித் தருவாரா?

இந்தக் கேள்விகளுக்கு "ஆமாம்" என்றால் அசெம்பிள் பண்ணலாம். "தெரியல" என்றால் கம்பெனி பெட்டியே உத்தமம்.

பில் போடும் கடை, கணக்கு எழுதும் ஆபீஸ், பாடம் படிக்கும் பிள்ளை... இவர்களுக்குக் கம்பெனி பெட்டி போதும். ஒரு நாள் பெட்டி படுத்தால் ஒரு நாள் வியாபாரம் போகும் அல்லவா?

வீடியோ எடிட்டிங், டிசைன், கேம்ஸ் என்றால் அசெம்பிள்தான் லாபம். பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடலாம். சில வருடம் கழித்து அதை மட்டும் மாற்றலாம். கம்பெனி பெட்டிகள் சிலவற்றில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். வெளியில் வாங்கியதைப் பொருத்த முடியாது.

டப்பா எங்கே?

அசெம்பிள் என்று முடிவு செய்தவர்களே, உஷார்! எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறவர் இல்லை. நாணயமாக நடத்துகிறவர்கள் நிறைய உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

பிராசசர் 'பாக்ஸ்' சரக்கா, 'டிரே' சரக்கா என்று கேளுங்கள். இன்டெல், ஏ.எம்.டி. பாக்ஸ் பிராசசர்களுக்குத் தயாரித்த கம்பெனியே பொதுவாக 3 வருடம் வாரண்டி தருகிறது. டிரே சரக்குக்கு அந்த வாரண்டி நேரடியாகக் கிடையாது. விற்றவர்தான் பொறுப்பு.

டிஸ்க் புதிதுதானா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை 'கிறிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் காட்டும். இதிலும் தில்லுமுல்லு உண்டு. பல ஆயிரம் மணி நேரம் ஓடிய ஹார்டு டிஸ்க்குகளின் கணக்கை அழித்துவிட்டுப் புதிது என்று விற்ற மோசடி, 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அம்பலமானது! அதனால் சீரியல் நம்பரை கம்பெனி இணையதளத்தில் போட்டு வாரண்டியும் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டிலும் போலி உண்டு. பழைய கார்டுக்குப் புதிய மாடல் பெயரை ஏற்றி விடுவார்கள். 'ஜி.பி.யூ.-இசட்' என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக் கொடுக்கும்.

பவர் சப்ளையில் சிக்கனம் கூடவே கூடாது. கேபினெட்டோடு 'இனாமாக' வரும் லோக்கல் எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டு போகும். '80 பிளஸ்' முத்திரை உள்ளதைக் கேளுங்கள். பூட்டுவது கண் எதிரே நடக்கட்டும். எல்லா டப்பாவும் வீட்டுக்கு வரட்டும்.

திருட்டு விண்டோஸ்

"விண்டோஸ் ப்ரீயா போட்டுத் தரேன் சார்" என்றால் மயங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவு கடுமையானது. திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. வியாபாரத்துக்கு இல்லாமல் சொந்த உபயோகம் என்றால் கோர்ட்டு ஜெயிலை விட்டுவிட்டு 50 ஆயிரம் வரை அபராதத்தோடு நிறுத்தலாம். கடைக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

காசு கொடுக்க வழியில்லையா? லினக்ஸ் இருக்கிறது. இலவசம். சட்டப்படி சரி.

சட்டம் உங்கள் பக்கம்

"பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடும், வேண்டாமா சார்?" இந்தக் கேள்வி வந்தால் "பில் வேண்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பில் தராமல் இருப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்" என்ற போர்டுக்கும் பயப்பட வேண்டாம். பொருளில் குறை இருந்தால், பில்லில் குறித்த நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். நாள் குறிக்கவில்லை என்றால் 30 நாள்.

புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வியாபாரத்துக்கு வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவர் புகார் செய்யலாம்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர், பில் இருந்தால் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக் கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது கிடையாது.

பில்லில் "கம்ப்யூட்டர் 1" என்று ஒற்றை வரியில் முடிக்க விடாதீர்கள். ஒவ்வொரு சாமானும், அதன் சீரியல் நம்பரும் தனித்தனியாக இருக்கட்டும். நாளைக்கு ராம் போனால், பேசப் போவது அந்த ஒரு வரிதான்!