கடையில் சந்தனம், சமையலறையில் சாம்பல்!

சமையலறை அலமாரிக்கு இளஞ்சந்தன நிறப் பெயின்டைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். வீட்டில் பூசி முடித்ததும் அது சாம்பல் கலந்தாற்போல் தெரிகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பெரும்பாலும் இல்லை, இது ஒளியின் வேலை.

இத்தகைய பெயின்டில் வெண்மைக்கு டைட்டானியம் டை-ஆக்சைடும், மஞ்சள், செம்மைச் சாயலுக்குப் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளும் சேர்க்கப்படுகின்றன. இக்கலவை தன்மீது விழும் ஒளியில் நீலத்தை ஓரளவு உட்கவர்கிறது. மஞ்சளையும் சிவப்பையும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. விழும் ஒளியிலேயே சிவப்பு குறைவாக இருந்தால் பெயின்ட் எதைத் திருப்பி அனுப்பும்?

டங்ஸ்டன் இழை விளக்கின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 2,700 கெல்வின். அதன் ஒளியில் செம்மஞ்சள் மிகுதி. 6,500 கெல்வின் என்று குறித்த எல்.இ.டி. விளக்கிலோ நீலம் மிகுதி. முன்னதில் சந்தனச் சாயல் எடுப்பாகத் தெரியும், பின்னதில் வெளிறிவிடும். நம் கண் விளக்கின் நிறத்துக்கு ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் முழுவதும் அன்று.

ஆகவே, முதலில் ஒரு சிறு பலகையில் இரண்டு முறை பூசி உலரவிடுங்கள். அலமாரி இருக்கும் இடத்திலேயே அதை நிறுத்திவைத்து, பகலில் ஒருமுறையும் இரவு விளக்கொளியில் ஒருமுறையும் பாருங்கள். பிடிக்கவில்லையா? பெயின்டை மாற்றுமுன் விளக்கை மாற்றிப் பாருங்கள்!