பூட்டப்பட்ட செயலியை ஓவர்கிளாக் செய்தல்

பூட்டப்பட்ட செயலியை ஓவர்கிளாக் செய்தல் என்பது, கடிகாரப் பெருக்கியை உயர்த்த முடியாதபடி தயாரிப்பாளர் தடுத்துவைத்துள்ள மேசைக்கணினிச் செயலி ஒன்றை, வேறு வழிகளில் அதன் குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் இயங்கச் செய்வதாகும். இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து உள்ளவை பொதுவாகப் பூட்டப்படாதவை. கோர் ஐ5-12400 போன்று அவ்வெழுத்து இல்லாதவை பூட்டப்பட்டவை. பூட்டப்பட்ட செயலியில் பயனரின் கைக்கு எட்டும் பிடி ஏறத்தாழ ஒன்றே: அடிப்படைக் கடிகாரம். அதைத் திருகும்போது செயலியோடு சேர்ந்து கணினியின் வேறு எந்தெந்தப் பாகங்கள் வேகமெடுக்கின்றன என்பதைப் பொறுத்தே இம்முயற்சியின் பாதுகாப்பு அமைகிறது.

கடிகாரமும் பெருக்கியும்

செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கற்பலன். தாய்ப்பலகையிலோ சிப்செட்டிலோ உள்ள மின்னணுக் கடிகாரம் சீரான துடிப்பு ஒன்றைத் தருகிறது. இன்றைய இன்டெல் கணினிகளில் அது 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதை ஒரு பெருக்கியால் பெருக்கிக்கொள்கிறது. ஐ5-12400 செயலியின் ஆறு கருக்களும் ஒன்றாக உழைக்கும்போது உச்சப் பெருக்கி 40. எனவே வேகம் 4.0 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 40-இலிருந்து 42 ஆக்கினால் செயலியின் கருக்கள் மட்டுமே வேகமெடுக்கும். மற்ற எதுவும் மாறாது. இதுவே எளிய வழி, பூட்டு அடைப்பதும் இதையே. அடிப்படைக் கடிகாரத்தை 100-இலிருந்து 105 ஆக்கினாலும் அதே 4.2 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் அந்தக் கடிகாரத்தை நம்பியிருக்கும் நினைவகமும் செயலியின் உள் இணைப்புகளும், சில பலகைகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களும் கூடவே 5 விழுக்காடு வேகமெடுக்கும்.

பூட்டின் வரலாறு

1990-களின் நடுப்பகுதியில், குறைந்த வேகச் செயலிகளின் மேலிருந்த எழுத்துகளை அழித்து, கூடிய வேகத்தைப் பொறித்து விற்கும் மோசடி பரவியிருந்தது. பெருக்கியைப் பூட்டியதற்கு அது ஒரு காரணம். மலிவான செயலியை வாங்கி விலை உயர்ந்ததன் வேகத்தை எட்டிவிடாமல் தடுப்பது மற்றொன்று. ஒரே சிலிக்கான் தகட்டில் பிறக்கும் சில்லுகள் சோதிக்கப்பட்டு வெவ்வேறு வேகங்களில் பெயரிடப்படுகின்றன. சந்தைத் தேவைக்காக நல்ல சில்லுகளும் குறைந்த வேகப் பெயரில் விற்கப்படுவதுண்டு. பூட்டைச் சுற்றிப் போகும் ஆசை பிறப்பது இங்கேதான்.

1998-இல் வந்த செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டையும் 4.5 என்ற பூட்டிய பெருக்கியும் கொண்ட இச்செயலியை, 100 மெகாஹெர்ட்ஸ் பாட்டைக்கு மாற்றியபோது 450 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் நிலையாக ஓடியது. பென்டியம் 2 வரிசையில் அன்றைய உச்ச வேகம் அதுவே. இதில் கவனிக்கப்படாமல் போகும் ஒன்று உண்டு. 66 மெகாஹெர்ட்ஸில் பிசிஐ பாட்டை அதன் பாதியாகிய 33-இல் இயங்கும். 100-க்கு மாற்றினால் தாய்ப்பலகை மூன்றில் ஒரு பங்கு என்ற வகுப்பிக்கு மாறி, பிசிஐ மீண்டும் 33-இலேயே நிற்கும். ஆனால் 'கொஞ்சமாக ஏற்றுவோம்' என்று 83 மெகாஹெர்ட்ஸைத் தேர்ந்தவர்களுக்கு வகுப்பி பாதியாகவே இருந்ததால் பிசிஐ 41.5-க்குப் போயிற்று. வன்தட்டின் கட்டுப்படுத்தி அந்தப் பாட்டையில்தான் இருந்தது, கோப்புகள் சிதைந்தன. அதாவது, செயலியைச் சற்றே ஏற்றியது ஆபத்தாகவும், மிகுதியாக ஏற்றியது பாதுகாப்பாகவும் அமைந்தன.

2000-ஆம் ஆண்டின் ஏஎம்டி அத்லான், டியூரான் செயலிகளில் பூட்டே செயலியின் மேற்பரப்பில் தெரிந்தது. எல்1 எனக் குறிக்கப்பட்ட சிறு செம்புப் பாலங்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. கிராஃபைட் மின்கடத்தி என்பதால், சாதாரணப் பென்சிலால் கோடு கிழித்தே பலர் அவற்றை இணைத்துவிட்டனர்.

கதவு மூடியதும் திறந்ததும்

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் கடிகார ஆக்கியைச் சிப்செட்டுக்குள் கொண்டுபோயிற்று. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா, யூஎஸ்பி, சிப்செட்டுக்கான இணைப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் கட்டப்பட்டன. வகுப்பி இல்லை. அதை ஒருசில விழுக்காட்டுக்கு மேல் ஏற்றினால் செயலிக்கு முன்பே சேமிப்புத் தட்டோ வரைகலை அட்டையோ தடுமாறியது. ஐ5-2500 போன்ற பூட்டிய செயலிகளில் டர்போ அளவுக்கு மேல் நான்கு படிகள் மட்டும் பெருக்கியை ஏற்ற இன்டெல் இடம் கொடுத்தது. 2013-இன் ஹாஸ்வெல்லில் அதுவும் போயிற்று.

2015-இல் ஸ்கைலேக்கில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கடிகாரம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் சில தாய்ப்பலகை நிறுவனங்கள் வெளியிட்ட பயாஸ் பதிப்புகளால் பூட்டிய செயலிகளின் அடிப்படைக் கடிகாரத்தைத் தாராளமாக உயர்த்த முடிந்தது. 3.7 கிகாஹெர்ட்ஸ் ஐ3-6100 செயலி, 120 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 4.44 கிகாஹெர்ட்ஸை எட்டியது. இதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல: உள்ளமை வரைகலையும் மின்சேமிப்பு நிலைகளும் முடங்கின, ஏவிஎக்ஸ் கட்டளைகளின் வேகம் வெகுவாகச் சரிந்தது, கருக்களின் வெப்பநிலை அளவீடு பிழையாகக் காட்டியது. வெப்பமானி இல்லாமல் அடுப்பை ஏற்றுவது போன்ற நிலை அது. 2016 பிப்ரவரியில் இன்டெல் நுண்குறியீட்டுத் திருத்தத்தால் அவ்வழியை அடைத்தது. கூடிய வேகத்துக்காகப் பழைய பயாஸிலேயே தங்கியவர்கள், 2018-இல் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைக்காக பயாஸ் வழியே வந்த திருத்தங்களையும் இழக்க நேர்ந்தது.

2022 தொடக்கத்தில் ஆல்டர் லேக்கில் கதவு மறுபடி திறந்தது. தனிக் கடிகார ஆக்கி பொருத்தப்பட்ட சில தாய்ப்பலகைகளில் ஐ5-12400 செயலி 5 கிகாஹெர்ட்ஸைக் கடந்தது. 40 பெருக்கியுடன் 130 மெகாஹெர்ட்ஸ் என்றால் 5.2 கிகாஹெர்ட்ஸ். முதலில் இவ்வசதி விலை உயர்ந்த இசட்690 பலகைகளில் மட்டும் இருந்தது. 200 டாலர் செயலிக்கு அதனினும் பல மடங்கு விலையுள்ள பலகை வாங்குவதில் பொருளில்லை. பின்னர் பி660 பலகைகள் சிலவும் வந்தன. இச்செயலிகள் ஓவர்கிளாக்கிங்குக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்றும், செயலி பழுதடையக்கூடும் என்றும் இன்டெல் எச்சரித்தது.

எது கெடும்

செயலியின் இயங்குதிறன் செலவு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, வேகம் 30 விழுக்காடும் மின்னழுத்தம் 20 விழுக்காடும் உயர்ந்தால் 1.3 × 1.44 = 1.87, ஏறத்தாழ 87 விழுக்காடு கூடுதல் மின்சாரம் வெப்பமாகும். வேகம் தனியாகச் செய்யும் தீங்கு குறைவு. மின்னழுத்தமும் வெப்பமும் சேரும்போதுதான் சில்லுக்குள் உள்ள உலோக இழைகளின் அணுக்கள் மின்னோட்டத்தால் மெல்ல நகர்ந்து தேய்மானம் விரைவுபடுகிறது.

மின்னழுத்தத்தின் கேட்டுக்கு அண்மைய சான்றுகள் இரண்டு, இரண்டும் பயனர் எதையும் திருகாமலேயே நேரக்கூடியவை. 2023-இல் ஏஎம்டி ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில தாய்ப்பலகைகளில் எரிந்தன. எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற உச்ச வரம்பு அதன்பின் விதிக்கப்பட்டது. 2024-இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் நாளடைவில் நிலைகுலைந்ததற்கு மிகை மின்னழுத்தமும் வெப்பமும் காரணங்களாகக் கண்டறியப்பட்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கும் நுண்குறியீடு வெளியிடப்பட்டது. அச்சிக்கல் 65 வாட் வகைப் பூட்டிய செயலிகளையும் தொட்டது.

ஆயினும் செயலி எரிவது அரிது. அதைவிட அடிக்கடி நேர்வது, வெளியே தெரியாத தரவுச் சிதைவு. கணினி நின்றுவிட்டால் பிழை உடனே தெரியும். நிற்காமல், ஒரு கணக்கில் ஓர் இருமத்தைத் தவறாக எழுதிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால், மூன்று மாதம் கழித்து ஒரு படக்கோப்போ ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமோ திறக்க மறுக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் காப்புப்படிகளிலும் அந்தச் சிதைந்த கோப்பே ஏறியிருக்கலாம்.

செய்யும் முறை

முதல் வேலை காப்புப்படி. அதைக் கணினியிலிருந்து பிரித்துவைக்க வேண்டும். அடுத்து, தாய்ப்பலகையில் தனிக் கடிகார ஆக்கி உள்ளதா எனக் கையேட்டில் உறுதிசெய்ய வேண்டும். இல்லையெனில் 102 அல்லது 103 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் முயல்வது வீண். கிடைக்கும் 2, 3 விழுக்காட்டுக்குச் சேமிப்புத் தட்டைப் பணயம் வைப்பதாகும். பயாஸ் அமைப்புகளை அழிக்கும் பொத்தானோ முளையோ எங்கே உள்ளது என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். திரை கருத்த பின் தேடுவது கடினம்.

மாற்றமில்லாத நிலையிலேயே ஒருமுறை முழுச் சோதனை ஓட்டி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்வது நல்லது. அந்நிலையிலேயே 85 பாகை செல்சியசைத் தாண்டினால் முதலில் குளிர்விப்பானைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மதிப்பீடுகள் பெரும்பாலும் 20 பாகையை ஒட்டிய அறைகளில் எடுக்கப்படுபவை. கோடையில் 35 பாகை அறையில் வைத்த கணினிக்கு ஏறத்தாழ அந்த 15 பாகையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதன்பின் நினைவகம். 3200 என்று அமைத்த நினைவகம், கடிகாரம் 130 ஆனால் 4160-க்குத் தாவும். எனவே முதலில் 2400 என்ற அமைப்புக்கு இறக்கினால், 130-இல் அது 3120-இல் நிற்கும். மின்னழுத்தத்தைத் தானியங்கு நிலையில் விடக்கூடாது. பல பலகைகள் கடிகாரம் உயர்வதைக் கண்டதும் தேவைக்கு மேல் வாரி வழங்கும். இயல்பு மதிப்பில் நிறுத்திவைத்து, நிலைகுலைந்தால் மட்டும் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டுவது முறை.

கடிகாரத்தை ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸாக ஏற்ற வேண்டும். பெருக்கி 40 என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸே 40 மெகாஹெர்ட்ஸாகும். ஒவ்வொரு படியிலும் கால் மணி நேரம் பிரைம்95 அல்லது ஓசிசிடி ஓட்டி வெப்பநிலையைப் பார்க்கலாம். ஐ5-12400 தன் வெப்ப வரம்பான 100 பாகையில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் ஏற்றிய வேகத்துக்குப் பயனில்லை. தாய்ப்பலகையின் மின்வழங்கு சுற்றும் சூடாகும். வெப்பக்கடத்தித் தகடு பொருத்தாத மலிவுப் பலகைகளில் செயலிக்கு முன் அதுவே மூச்சுவாங்கும்.

நிறுத்தும் இடம் கிடைத்த பின் ஓரிரு படி கீழிறங்கி, பல மணி நேரச் சோதனை தேவை. மெம்டெஸ்ட்86 ஓர் இரவு முழுதும் ஓடட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழைகள் திருத்தப்பட்டதாகக் குறிப்பு வந்தாலும் அது தேர்ச்சி ஆகாது. உழைப்பில் நிலையாக இருந்து, சும்மா இருக்கும்போது விழும் கணினிகளும் உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கும் கணங்கள் வேறுவகைச் சோதனை என்பதால், சில நாள் சாதாரணப் பயன்பாட்டிலும் பார்க்க வேண்டும்.

கடிகாரத்தைத் தொடாமல்

பூட்டிய செயலிகள் பலவற்றில் உண்மையான தடை பெருக்கி அல்ல, மின்செலவு வரம்பு. ஐ5-12400 செயலிக்கு இன்டெல் குறித்துள்ள அடிப்படை மின்செலவு 65 வாட், டர்போ உச்சம் 117 வாட். சில பலகைகளும், விற்பனைக்கு ஆயத்தமாக வரும் கணினிகளும் குறுகிய நேரத்துக்குப் பின் 65 வாட்டுக்கே இறக்கிவிடுகின்றன. பயாஸில் நீண்டநேர வரம்பையும் 117-க்கு உயர்த்தினால், காணொளி மாற்றம் போன்ற நீண்ட வேலைகளில் செயலி தன் 4.0 கிகாஹெர்ட்ஸைத் தக்கவைத்துக்கொள்ளும். வேண்டியதெல்லாம் தகுந்த குளிர்விப்பானும் அந்தச் சுமையைத் தாங்கும் பலகையும். சாட்டாவோ பிசிஐ எக்ஸ்பிரஸோ இதில் அசையாது.

நினைவகத்துக்கும் இது பொருந்தும். 2021-இன் பி560 முதல் நடுத்தரப் பலகைகளிலும் எக்ஸ்எம்பி வழியாக நினைவகத்தை அதன் உறையில் குறித்த வேகத்தில் ஓட்டலாம். எச்610-இல் அவ்வசதி இல்லை. ஒற்றை நினைவகத் துண்டுடன் ஓடும் கணினியில் இரண்டாவது துண்டைச் சேர்ப்பது, விளையாட்டுகளில் சில நூறு மெகாஹெர்ட்ஸைவிடக் கூடுதலாக உணரப்படும். இன்டெல்லின் உத்தரவாத விதிகளின்படி எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்கிங்காகவே கொள்ளப்படுகிறது என்பதை வாங்கும்போது கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை.