செம்மண்ணுக்குச் சாம்பற் பெயர்

பெயர்க்காரணம் ஆராய்தல் பண்டிதர்க்கு இயல்பாயமைந்த பழக்கம். அதனை நோய் என்பாரும் உளர். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து எம்மிடம் இலக்கணம் கற்க வந்த மாணவர் ஒருவர், தம் தம்பியின் புவியியற் பாடநூலைக் கையிற் கொண்டு ஒருநாள் எம்மை அணுகினார். "ஐயா, எங்கள் தோட்டத்து மண்ணுக்குச் 'செம்மஞ்சட் பொட்சோலிக்கு மண்' என்று பெயர் போட்டிருக்கிறது. செம்மையும் மஞ்சளும் விளங்குகின்றன. பொட்சோலிக்கு என்றால் என்ன?" என்றார். விடை கூற அறியாது விழித்தோம். அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

பொட்சோல் என்பது உருசியச் சொல். 'பொட்' என்பது கீழ். 'சொலா' என்பது சாம்பல். வட உருசியாவின் ஊசியிலைக் காடுகளில், உதிர்ந்த இலைச் சருகை விலக்கி அகழ்ந்தால், அதன் கீழே சாம்பல் நிறத்ததாய் ஒரு படை தோன்றும். அதனைக் கண்ட உழவர் இட்ட பெயர் அது. அவ்வாறாயின், சாம்பலின் சாயல் சிறிதும் இல்லாத எம் மலைநாட்டுச் செம்மண்ணுக்கு அப்பெயர் எங்ஙனம் வந்தது?

அதனை அறிதற்கு உருசிய அறிஞர் தொக்குச்சாயெவிடமே செல்லல் வேண்டும். தம் நாட்டுக் கருமண்ணைப் பற்றி அவர் 1883இல் வெளியிட்ட நூல் மண்ணியலுக்குத் தோற்றுவாய் எனப்படும். மண் என்பது பொடிந்த கல் மாத்திரம் அன்று. காலநிலை, அடிப்பாறை, உயிர்கள், நிலத்தின் ஏற்றத்தாழ்வு, காலம் என்னும் ஐந்தும் கூடிப் பயந்த தனிப்பொருள் அது என அவர் நிறுவினார். அப்பொருளின் இயல்பை மேற்பரப்பிற் காணல் இயலாது. குழி தோண்டி, குழியின் சுவரிலே மேலிருந்து கீழாகப் படைபடையாக வாசித்தல் வேண்டும். ஏடு வாசிப்பார் இடமிருந்து வலமாக வாசிக்கின்றனர். மண் வாசிப்பார் மேலிருந்து கீழாக வாசிக்கின்றனர்.

அமெரிக்க அறிஞர் தம் நாட்டின் தென்கிழக்கிற் குழி தோண்டியபோது, மேலே வெளிறிய இளக்கமான படையும் கீழே செறிந்த செங்களியும் இருத்தலைக் கண்டனர். மேலிருந்து எதுவோ கழுவப்பட்டுக் கீழே இறங்கியிருத்தலின், இதுவும் உருசியப் பொட்சோலின் உறவே எனக் கருதிச் செம்மஞ்சட் பொட்சோலிக்கு எனப் பெயரிட்டனர். 1961இல் மூர்மன், பானபொக்க என்னும் இருவர் இலங்கையின் மண்களை வகுத்தபோது, ஈரவலயத்து மலைநிலங்களிற் பெரும்பான்மையான மண்ணுக்கு அப்பெயரையே வழங்கினர். அங்கிருந்து அது பாடநூலுக்கும், பாடநூலிலிருந்து மாணவர் மனனத்துக்கும் இறங்கிற்று.

உறவு பொய் என்பது பின்னர் வெளியாயிற்று. உருசிய மண்ணிற் கீழிறங்குவன இரும்பும் அலுமினியமும் உக்கற்பொருளும்; எம் மண்ணிற் கீழிறங்குவதோ நுண்களி தானே. இருவேறு தொழிலை ஒரு பெயரால் வழங்கல் தகாது எனக் கண்ட அமெரிக்கர், 1975இல் வெளியிட்ட புதிய பாகுபாட்டில் அப்பெயரைக் கைவிட்டு, இவ்வகை மண்ணை 'அல்ற்றிசொல்' என்றனர். இறுதி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது அது. மழை கழுவிக் கழுவி இறுதி நிலைக்குக் கொணர்ந்த மண் என்பது கருத்து. எம் பாடநூல்கள் பழம்பெயரையே இன்னும் பெரிதும் வழங்குகின்றன. அது குற்றம் என்பேமல்லேம். பொருள் கூறாது வழங்குதலே குற்றம் என்பேம்.

தமிழர்க்கு மண்ணை வகுக்கும் அறிவு இல்லையோ எனின், மிக உண்டு. செம்மண், கருமண், களி, மணல், களர், உவர், முரம்பு என்றும், யாழ்ப்பாணத்தார் வழக்கிற் செம்பாடு என்றும் பெயர்கள் பல. வன்பால், மென்பால் எனச் சங்கச் செய்யுளிலும் நிலம் பகுக்கப்பட்டுள்ளது. ஆயின் இப்பெயர்கள் யாவும் கண்ணுக்கும் காலுக்கும் கலப்பைக்கும் புலனாகும் இயல்பு பற்றி எழுந்தவை. உழுபவனுக்கு ஒரு சாண் ஆழம் போதும். சமவெளியில் அது குறையன்று. மலைப்படியில் அது போதாது.

மலைப்படி என ஈண்டு யாம் குறிப்பது, செங்குத்தான சரிவுகளின் இடையிலும் அடியிலும் சிறிது தட்டையாய்க் கிடக்கும் நிலத்தை. மேலிருந்து உருண்டும் வழுக்கியும் வந்த மண்ணும் கல்லும் நெடுங்காலம் அங்கே தங்கிக் குவியும். மலையின் முதுகில் மண் மெலிந்திருக்க, இப்படிகளில் அது தடித்துக் கிடக்கும். அத்தகைய நிலத்தில் ஆளுயரத்துக்கு ஒரு குழி தோண்டி உள்ளிறங்கினால் யாது காண்போம்?

மேலே ஒரு சாண் அல்லது ஒரு முழம், வேரும் புழுவும் விரவிய கபில நிற மண். கையிற் பொலபொலவென உதிரும். அதன் கீழ் நிறம் சிவக்கும், விரலில் ஒட்டும். ஈரமாக்கிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தித் தள்ளினால் நாடா போல நீளும். நாடா எத்துணை நீளுமோ அத்துணைக் களி அதில் உண்டு. களி என நூலார் கூறுவது 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கையை; அது நூற்றுக்கு 40 பங்கோ அதற்கு மேலோ இருப்பின் பொதுவாகக் களிமண் என்பர். கட்டி ஒன்றை மெல்லப் பிளந்து வெயிலிற் பிடித்தால், பிளந்த முகத்திலே மெழுகு பூசினாற் போன்ற ஒரு மினுக்கம் தோன்றும். அது மேலிருந்து நீரோடு இறங்கிய நுண்களி வெடிப்புகளின் சுவரிற் படிந்த தோல். அம்மினுக்கத்தைக் காட்டினால் மாணவர் எளிதில் மறவார். மேற்படையிற் களி நூற்றுக்கு 15 முதல் 40 வரை இருப்பின், கீழ்ப்படையில் அதனினும் 1.2 மடங்காதல் வேண்டும் என்பது பாகுபாட்டு விதி. இன்னும் கீழே செல்லச் செம்மையிடையே மஞ்சளும் சாம்பலுமாய்ப் புள்ளிகள் தோன்றும். அதற்கும் கீழே, பாறையின் வரி மாறாதிருந்தும் மண்வெட்டிக்கு இளகும் உக்கிய கல்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. பாறையிலுள்ள பெல்சுபார் மழைநீரால் உருக்குலைந்து கயோலினைற்று என்னும் களியாகின்றது. இரும்பு ஒட்சைட்டாகி எஞ்சுகின்றது. நீர் விரைந்து வடியும் இடத்தில் அது எமற்றைற்று என்னும் செந்நிறக் கனியம். ஈரம் நீடிக்கும் இடத்திற் கோதைற்று என்னும் மஞ்சட் கனியம். நீர் தேங்கிக் காற்றுப் புகாத இடத்திலோ இரும்பு கரைந்து நீங்க, சாம்பல் நிறம் எஞ்சும். ஆகவே குழிச்சுவரிற் காணும் சாம்பற்புள்ளி, அந்த ஆழம் வரை நீர் வந்து தேங்கும் என்பதற்குச் சான்று. இதனை மறவாதிருத்தல் வேண்டும், பின்னர் வேண்டப்படும்.

கல்சியம், மகனீசியம் முதலிய மூலங்களை மழை கொண்டுபோய்விட்டமையால் இம்மண் புளிப்புடையது. மண் தாங்கவல்ல அளவில் ஆழத்தே அம்மூலங்கள் நூற்றுக்கு 35க்குக் குறைந்திருத்தல் அல்ற்றிசொல்லுக்கு இலக்கணம். தேயிலைக்குப் புளிப்பு உவப்பு; மரக்கறிக்குச் சுண்ணாம்புச் சத்து இடல் வேண்டும்.

இப்பாகுபாட்டின் அமைப்பு இலக்கணம் கற்றார்க்கு அயலானதன்று. திணையைப் பாலாகப் பகுத்தாற்போல, 12 வருணங்களில் தொடங்கி ஆறு படிகளில் இறங்கி, இறுதியில் ஓர் இடத்தின் பெயரையே தாங்கும் மண்தொடரில் வந்து நிற்கும். இடைப்படிகளில் முன்னொட்டுச் சேர்த்துப் பெயரை நீட்டுவர். பழமை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியான 'பலே' முன்னிற்பின், ஐந்தடி ஆழம் சென்றும் களி பெரிதும் குறையாத முதுமண் என்பது பொருள். 'கண்டி' முன்னிற்பதும் உண்டு. மலைநாட்டுத் தலைநகரின் பெயரோ என மகிழ்ந்தோம், அன்றாம். கயோலினைற்று, நக்கிரைற்று, டிக்கைற்று என்னும் மூன்று களிக் கனியங்களின் பெயர்முதல்களைக் கூட்டியமைத்த சொல்லாம்! பெயர்க்காரண நோயாளர்க்கு இத்தகைய ஏமாற்றங்கள் நல்ல மருந்து.

இனி, இதனாற் பயன் யாது என்பது. ஆழமும் களியும் உடைய மலைப்படி பார்வைக்கு நன்னிலம். நீரைப் பிடித்துவைக்கும், வேருக்கு இடம் தரும், சரிவின் நடுவே வீடு கட்டத் தட்டையான இடமும் அதுவே. தோட்டங்களில் லயங்கள் பல அத்தகைய இடங்களிலேயே நிற்கின்றன. ஆனால் நீரைப் பிடிக்கும் அவ்வியல்பே பகையுமாகும். அடைமழையில் நீர் மேற்படையூடு விரைந்து இறங்கும். களியிலும் உக்கிய பாறையின் மேலும் தடைப்பட்டுத் தேங்கும். மண்ணின் பாரம் பெருகும்; துணிக்கைகளிடையே நீரின் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பற்றும் பிடி தளரும். அப்பொழுது முழுப்படியும் ஒருசேர நகரும். கொசுலாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் 2014 ஒற்றோபர் 29ஆம் நாட் காலையில் நிகழ்ந்தது இதுவே. லயங்கள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பது துயரினும் பெருந்துயர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டின் பல மாவட்டங்கள் மீண்டும் அதனைக் கண்டன.

சரிவு திடீரென வருவது. அரிப்போ நாள்தோறும் நிகழ்வது. செம்மண்ணிற் பெய்த மழைநீர் செந்நிறம் கொள்ளுதலை அன்பின் ஒருமைக்கு உவமையாக்கிய புலவனைக் குறுந்தொகையில் வியக்கின்றோம். தோட்டத்துக் கானிற் செந்நீர் ஓடுமாயின், அது மேற்படை மலையை விட்டு நீங்குகின்றது என்பதே பொருள். காடழித்துக் கோப்பி நட்ட காலந்தொட்டு அது நீங்கிக்கொண்டே வந்தது. 1951இல் மண் காப்புச் சட்டம் இயற்றும் நிலை எய்திற்று. சரிவுக்குக் குறுக்கே கான்வெட்டி, அதனைத் தூர்க்காது காத்தவர் தோட்டத் தொழிலாளரே. கான் தூர்ந்தால் அரிப்பும் பெருகும். வடியவேண்டிய நீர் படியினுள் இறங்கிச் சரிவுக்கும் வழி கோலும்.

மலைநாட்டுப் பள்ளிகளில் இப்பாடம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு யாம் கூறத் துணிவது ஒன்றே. குழி தோண்டவும் வேண்டா. வீதிக்காக வெட்டிய மண்சுவர் எங்கும் உண்டு. மழையற்ற நாளில், உறுதியாய் நிற்கும் தாழ்ந்த சுவர் ஒன்றைத் தேர்ந்து மாணவரை அங்கே அழைத்துச் சென்று, மேலிருந்து கீழாக வாசிக்கச் செய்க. நாடா எத்துணை நீள்கின்றது, மினுக்கம் எந்த ஆழத்தில் தொடங்குகின்றது, சாம்பற்புள்ளி எங்கே என எழுதச் செய்க. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், இறுகித் திறவாத கதவு, திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியவற்றின் பொருளையும் அதனோடு சேர்த்துச் சொல்லுக. அவை மண் நகரத் தொடங்கிவிட்டதன் குறிகள். கண்டவர் அவ்விடத்தினின்றும் நீங்கி அறிவித்தல் வேண்டும்.

எம் மாணவர் விடுமுறைக்கு ஊர் சென்றபோது இவற்றைத் தாமே சோதித்தார். திரும்பி வந்து பெயர்க்காரணம் பற்றி ஒன்றும் பேசினாரல்லர். "எங்கள் லயத்துக்குப் பின்னால் வெட்டிய மண்சுவரில் ஏழடிக்கும் செங்களிதான், ஐயா. அடியில் சாம்பற்புள்ளி இருக்கிறது. மழை விட்டுப் பத்து நாளாகியும் அந்த இடத்தில் நீர் கசிகிறது" என்றார்.